சாந்தா குரோச்சே தேவாலயமும் துறவிமடமும்: வறுமை விரதமும் வணிகச் செல்வமும்

அறிமுகம்

ஐரோப்பிய மறுமலர்ச்சி பற்றி விடை எழுதும் மாணவர்கள் பலர், மத்திய காலம் ஒரு நாளில் முடிவுற்று மறுநாள் மறுமலர்ச்சி தொடங்கியது போல எழுதிவிடுகின்றனர். மத்திய காலம் முழுவதும் சமயத்துக்கும், மறுமலர்ச்சி முழுவதும் உலகியலுக்கும் உரியது என்ற கருத்தும் அவ்விடைகளில் காணப்படுகிறது. இவை இரண்டும் வரலாற்று உண்மைக்குப் பொருந்துவன அல்ல. மறுமலர்ச்சியின் பல கூறுகள் மத்திய கால நிறுவனங்களின் உள்ளேயே முளைவிட்டன. இதனை விளக்குவதற்கு ஏற்ற உதாரணமாக இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் உள்ள சாந்தா குரோச்சே தேவாலயத்தையும் அதனுடன் இணைந்த துறவிமடத்தையும் கொள்ளலாம். சாந்தா குரோச்சே என்பதன் பொருள் ‘திருச்சிலுவை’ என்பதாகும்.

இத்தேவாலயத்தைக் கட்டியவர்கள் பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள். சொத்து எதனையும் வைத்திருப்பதில்லை என விரதம் பூண்டவர்கள் அவர்கள். அவ்வாறாயின் ஐரோப்பாவின் மிகப் பெரிய தேவாலயங்களுள் ஒன்றை அவர்களால் எவ்வாறு கட்ட முடிந்தது? அதற்குப் பணம் கொடுத்தவர்கள் யார்? ஏன் கொடுத்தார்கள்? இவ்வினாக்களுக்கு விடை காண்போமாயின் மத்திய காலப் பிற்பகுதியின் சமயம், பொருளாதாரம், கலை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்திருந்த முறையை விளங்கிக்கொள்ளலாம்.

1. மடவாழ் துறவிகளும் யாசகத் துறவிகளும்

மத்திய கால ஐரோப்பாவில் துறவிகள் இருவகைப்பட்டனர். இவ்வேறுபாட்டை முதலில் தெளிவாக அறிந்துகொள்ளல் அவசியமாகும்.

(அ) மடவாழ் துறவிகள்: 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ற் வகுத்த ஒழுங்குவிதிகளைப் பின்பற்றியோர் இவ்வகையினர். இவர்கள் பெரும்பாலும் நகரங்களுக்கு அப்பால், பெருநிலங்களின் நடுவே அமைந்த மடங்களில் வாழ்ந்தனர். தனித்துறவி ஒருவருக்குச் சொத்து இல்லாவிடினும் மடத்துக்கு நிலமும் வருமானமும் இருந்தன. இம்மடங்கள் நிலமானிய முறையின் ஓர் அங்கமாக விளங்கின. மடாதிபதி ஒருவரே மடத்தின் தலைவராவார். ஒரு மடத்தில் சேர்ந்தவர் பொதுவாக இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார்.

(ஆ) யாசகத் துறவிகள்: 13ஆம் நூற்றாண்டில் தோன்றிய இவர்கள் நகரங்களில் மக்களிடையே வாழ்ந்து போதித்தனர். உழைப்பினாலும் யாசகத்தினாலும் கிடைத்ததைக் கொண்டு வாழ வேண்டும் என்பது இவர்களது கொள்கை. தனித்துறவிக்கு மட்டுமன்றிச் சபைக்கும் சொத்து இருத்தலாகாது எனப் பிரான்சிஸ்கன் சபையினர் கருதினர். இவர்கள் ஒரே மடத்துடன் கட்டுண்டிராது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பப்பட்டனர். பிரான்சிஸ்கன் மடத்தின் தலைவர் மடாதிபதி என அழைக்கப்படவில்லை. ‘பாதுகாவலர்’ என்றே அழைக்கப்பட்டார். பிரான்சிஸ்கன், டொமினிக்கன், கார்மலைற், அகஸ்தீனியன் ஆகிய நான்கும் பிரதான யாசகச் சபைகளாகும்.

இச்சபைகள் 13ஆம் நூற்றாண்டில் தோன்றியமைக்குக் காரணம் நகரங்களின் வளர்ச்சியாகும். வணிகம் பெருகியதனால் இத்தாலிய நகரங்களில் சனத்தொகை அதிகரித்தது. நெசவாளர், சாயமிடுவோர், கூலியாட்கள், சிறுவணிகர் எனப் பலதரப்பட்டோர் அங்கு குடியேறினர். நாட்டுப்புற வாழ்வுக்கேற்ப அமைந்திருந்த பழைய மடங்களால் இம்மக்களின் ஆன்மீகத் தேவைகளை நிறைவுசெய்ய முடியவில்லை. அந்த இடைவெளியை யாசகத் துறவிகள் நிரப்பினர்.

2. புனித பிரான்சிஸ் அசிசியார்

பிரான்சிஸ்கன் சபையை நிறுவிய பிரான்சிஸ், மத்திய இத்தாலியின் அசிசி நகரில் துணிவணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். புதிய வணிகச் செல்வத்தின் நடுவே வளர்ந்த இவர், அச்செல்வத்தைத் துறந்து, தந்தை தந்த உடைகளையும் களைந்து ஒப்படைத்து, ஏழ்மை வாழ்வை மேற்கொண்டார். இவரைப் பின்பற்றிய சிறு குழுவுக்குப் பாப்பரசர் மூன்றாம் இன்னசென்ற் வாய்மொழியாக அனுமதி வழங்கினார். 1223இல் பாப்பரசர் மூன்றாம் ஹொனோரியஸ் சபையின் ஒழுங்குவிதியை எழுத்து மூலம் அங்கீகரித்தார். 1226இல் பிரான்சிஸ் காலமானார். இரண்டே ஆண்டுகளில், 1228இல், புனிதராகப் பிரகடனப்படுத்தப்பட்டார்.

பணத்தைக் கையால் தொடுதலையும் தமது சகோதரர்களுக்குத் தடைசெய்தவர் பிரான்சிஸ் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். பின்னர் எழுந்த விவாதங்கள் யாவற்றுக்கும் இதுவே அடிப்படையாகும்.

3. புளோரன்ஸில் சபையின் குடியேற்றம்

13ஆம் நூற்றாண்டில் புளோரன்ஸ் சுயாட்சி கொண்ட நகர அரசாக விளங்கியது. கம்பளித் துணி உற்பத்தியும் வங்கித்தொழிலும் அதன் செல்வத்துக்கு ஆதாரமாயின. 1252இல் அந்நகரம் வெளியிட்ட ‘புளோரின்’ என்னும் பொற்காசு ஐரோப்பாவெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பிரான்சிஸ்கன் துறவிகள் 1228 அளவில் சாந்தா குரோச்சே பகுதியில் குடியேறியிருந்தனர். அப்பகுதி அக்கால நகர மதிலுக்கு வெளியே, ஆர்னோ ஆற்றின் அருகே சதுப்பான தாழ்நிலத்தில் அமைந்திருந்தது. தண்ணீர் தேவைப்படும் சாயமிடும் தொழிலும் துணி கழுவும் தொழிலும் அங்கு நடைபெற்றன. ஆகவே அது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த இடமாகும். வறுமையைத் தெரிவு செய்த துறவிகள் வறியோர் மத்தியில் குடியமர்ந்தமை அவர்களது நோக்கத்துக்கு இசைவானதே. நகரின் மறுபக்கத்தில், மேற்கே, டொமினிக்கன் சபையினர் சாந்தா மரியா நொவெல்லா என்னுமிடத்தில் நிலைகொண்டனர். இரு சபைகளும் நகரின் இரு முனைகளிலிருந்து மக்களுக்குப் போதித்தன.

தாழ்நிலத்தைத் தெரிவு செய்தமை வேறொரு விளைவையும் தந்தது. ஆர்னோ பெருக்கெடுத்த போதெல்லாம் இத்தேவாலயம் பாதிக்கப்பட்டது. 1333 நவம்பர் 4ஆம் திகதியும் 1966 நவம்பர் 4ஆம் திகதியும் ஏற்பட்ட பெருவெள்ளங்கள் குறிப்பிடத்தக்கவை.

4. புதிய தேவாலயத்தின் அமைப்பு

மக்கள் தொகை பெருகியதால் பழைய சிறிய ஆலயம் போதாமற் போயிற்று. 1294இல் இன்றுள்ள தேவாலயத்தின் கட்டட வேலை தொடங்கியது. இதன் திட்டத்தை வகுத்தவர் ஆர்னோல்போ டி காம்பியோ எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. இதே காலப்பகுதியில் ஆரம்பிக்கப்பட்ட புளோரன்ஸ் தலைமைப் பேராலயத்தின் முதல் திட்டமும் இவருடையதாகும்.

சாந்தா குரோச்சேயின் கட்டட அமைப்பிற் காணப்படும் பிரதான இயல்புகள் வருமாறு:

(அ) நீளம் ஏறத்தாழ 115 மீற்றர். பிரான்சிஸ்கன் சபைத் தேவாலயங்களுள் உலகிலேயே மிகப் பெரியது இதுவெனக் கூறப்படுகிறது.

(ஆ) நடுக்கூடம் மிக அகலமானது. பெருந்திரளான மக்கள் கூடிநின்று போதனையைக் கேட்பதற்கு இது வசதியளித்தது.

(இ) வட பிரான்ஸின் கோதிக் தேவாலயங்களிற் போலக் கல்லாலான வளைகூரை நடுக்கூடத்துக்கு அமைக்கப்படவில்லை. மரச் சட்டங்கள் வெளியே தெரியும் எளிய கூரையே உண்டு. அளவிற் பெரியதாயினும் அமைப்பில் எளிமை பேணப்பட்டமையை இது காட்டுகிறது.

(ஈ) தரைத்தோற்றம் ஆங்கில ‘ரீ’ எழுத்தின் வடிவமுடையது. பிரதான பீடம் அமைந்த மத்திய சிற்றாலயத்தின் இரு பக்கங்களிலும் வரிசையாகச் சிற்றாலயங்கள் உள்ளன. இவை செல்வக் குடும்பங்களுக்கு உரித்தாக்கப்பட்டன.

(உ) தேவாலயத்தின் தெற்குப் பக்கத்தில் துறவிமடம் அமைந்தது. சுற்றுமண்டபங்கள் சூழ்ந்த முற்றங்கள், உணவுமண்டபம், கூட்டமண்டபம், நூலகம் என்பன அதில் அடங்கின.

கட்டடவேலை பல தலைமுறைகள் நீடித்தது. 1333 வெள்ளம், 1348இல் நகரைத் தாக்கிய கருங்கொள்ளை நோய், பணத் தட்டுப்பாடு என்பன வேலையைத் தாமதப்படுத்தின. தேவாலயம் 1443இல் பாப்பரசர் நான்காம் இயூஜின் முன்னிலையில் அபிஷேகம் செய்யப்பட்டது. அதாவது, தொடங்கியதற்கும் அபிஷேகத்துக்கும் இடையே ஏறத்தாழ 150 ஆண்டுகள் கழிந்தன.

5. வறுமை பற்றிய விவாதம்

இத்தகைய பெருங்கட்டடம் பிரான்சிஸின் இலட்சியத்துக்கு ஏற்றதா என்ற வினா சபையின் உள்ளேயே எழுந்தது. இவ்விடயம் பரீட்சை நோக்கில் மிக முக்கியமானதாகும்.

சபை வளர்ந்தபோது அதற்குக் கட்டடங்களும் நூல்களும் தேவைப்பட்டன. போதிப்பதற்குக் கல்வி வேண்டும். கல்விக்கு நூலகம் வேண்டும். மக்கள் கூடுவதற்கு இடம் வேண்டும். ஆனால் ஒழுங்குவிதியோ சொத்துடைமையை மறுத்தது. இச்சிக்கலைத் தீர்ப்பதற்கு 1279இல் பாப்பரசர் மூன்றாம் நிக்கலஸ் ஒரு வழியை உறுதிப்படுத்தினார். இதன்படி சபைக்கு வழங்கப்பட்ட சொத்தின் உடைமை பாப்பரசருக்கே உரியது. துறவிகளுக்கு உண்டானது பயன்பாடு மட்டுமே. ‘உடைமை’, ‘பயன்பாடு’ என்னும் இவ்விரு சொற்களுக்கிடையிலான வேறுபாட்டிலேயே சபையின் வறுமை தங்கியிருந்தது எனலாம்.

இந்த ஏற்பாட்டின் பின்னரும் சபையினர் இரு சாராராகப் பிரிந்தனர்.

ஒரு சாரார் ‘ஆன்மீகவாதிகள்’ எனப்பட்டனர். சட்டப்படி உடைமை இல்லை என்று சொல்லிக்கொண்டு செல்வந்தரைப் போல வாழ்வது ஏமாற்று என அவர்கள் வாதிட்டனர். பயன்பாடும் ஏழையின் பயன்பாடாக இருத்தல் வேண்டும் என்றனர். இக்கருத்தை அறிவார்ந்த முறையில் முன்வைத்த பீற்றர் ஜோன் ஒலிவி என்பவர் 1287 முதல் 1289 வரை சாந்தா குரோச்சே மடத்திலேயே ஆசிரியராகப் பணிபுரிந்தார். அவரது கருத்துகளால் ஈர்க்கப்பட்ட உபர்த்தீனோ டா கசாலே என்பவரும் அங்கு வாழ்ந்தவர். இவர் பின்னர் தமது எழுத்துகளில் சபையினரின் ஆடம்பரமான கட்டடங்களைக் கடுமையாகக் கண்டித்தார். ஒலிவி அங்கிருந்து சென்று சில ஆண்டுகளிலேயே அதே மடத்தில் புதிய தேவாலயத்துக்கு அத்திவாரம் இடப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

மறு சாரார் சபை தனது பணியைச் செய்வதற்குப் பெரிய ஆலயங்களும் மடங்களும் இன்றியமையாதவை என்றனர். இவர்களே பெரும்பான்மையினராயினர்.

இவ்விவாதம் துயரமான முடிவை அடைந்தது. 1318இல் பாப்பரசர் இருபத்திரண்டாம் ஜோனின் கட்டளைக்குப் பணிய மறுத்த ஆன்மீகவாதத் துறவிகள் நால்வர் பிரான்ஸின் மார்செய் நகரில் எரிக்கப்பட்டனர். 1322இல் அதே பாப்பரசர், சபைச் சொத்துகளின் உடைமையைத் தாம் தொடர்ந்து வைத்திருக்கப் போவதில்லை என அறிவித்தார். 1323இல், கிறிஸ்துவும் அப்போஸ்தலர்களும் தனித்தோ பொதுவாகவோ எதனையும் உடைமையாகக் கொண்டிருக்கவில்லை எனச் சாதிப்பது திருச்சபைப் போதனைக்கு முரணானது எனப் பிரகடனம் செய்தார். ஏழ்மையை எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கலாம் என்ற கேள்விக்காக மனிதர் உயிரிழந்த காலத்திலேயே சாந்தா குரோச்சேயின் சுவர்கள் உயர்ந்துகொண்டிருந்தன.

1517இல் பாப்பரசர் பத்தாம் லியோவின் காலத்தில் சபை சட்டபூர்வமாகக் ‘கொன்வென்சுவல்’, ‘ஒப்சர்வன்ற்’ என இரண்டாகப் பிரிந்தது. சாந்தா குரோச்சே கொன்வென்சுவல் பிரிவினருக்கு உரியதாயிற்று. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போர்த்துக்கேயருடன் கோட்டே இராச்சியத்துக்கு வந்த பிரான்சிஸ்கன் குருமார், வறுமையைக் கடுமையாகப் பேண விரும்பிய ஒப்சர்வன்ற் மரபைச் சார்ந்தோராவர்.

6. வங்கியாளரும் சிற்றாலயங்களும்

தேவாலயத்தைக் கட்டுவதற்கான பணம் பல வழிகளிற் கிடைத்தது. நகர அரசு உதவியது. சாதாரண மக்கள் காணிக்கை செலுத்தினர். எனினும் உட்புறத்தை அணிசெய்தவர்கள் பெருமளவில் வங்கிக் குடும்பத்தினரே. பார்டி, பெருற்சி, பரொன்செல்லி, அல்பேர்ட்டி ஆகிய குடும்பங்கள் இவற்றுட் சில.

இவர்கள் பணம் கொடுத்தமைக்கான காரணங்கள்:

(அ) பாவப் பரிகாரம்: கடனுக்கு வட்டி வாங்குதல் பாவம் எனத் திருச்சபை போதித்தது. வங்கியாளரின் வருமானமோ அதனையே சார்ந்திருந்தது. எனவே ஆலயத்துக்குக் கொடுத்தல் ஆன்ம ஈடேற்றத்துக்கு வழியாகக் கருதப்பட்டது.

(ஆ) அடக்கம் செய்யப்படும் உரிமை: ஏழ்மையில் வாழும் புனிதத் துறவிகளின் செபங்கள் ஆற்றல் மிக்கவை என மக்கள் நம்பினர். அவர்கள் அருகே அடக்கம் செய்யப்பட விரும்பினர். பிரான்சிஸ்கன் அங்கியை அணிவித்துத் தம்மைப் புதைக்குமாறு கேட்டோரும் உளர்.

(இ) குடும்ப மதிப்பு: சிற்றாலயத்தின் உரிமை குடும்பத்தின் செல்வாக்கை ஊரறியச் செய்தது.

துறவிகளின் வறுமையே செல்வரை அவர்கள்பால் ஈர்த்தது. ஈர்க்கப்பட்ட செல்வம் அவ்வறுமையையே கேள்விக்குள்ளாக்கியது. சாந்தா குரோச்சேயின் வரலாற்றில் அடங்கியுள்ள பிரதான முரண்பாடு இதுவாகும்.

பார்டி சிற்றாலயத்திலும் பெருற்சி சிற்றாலயத்திலும் சுவரோவியங்களைத் தீட்டியவர் ஜொத்தோ ஆவார். 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த பார்டி ஓவியங்கள் புனித பிரான்சிஸின் வரலாற்றைச் சித்திரிக்கின்றன. பிரான்சிஸ் தமது உடைகளைத் தந்தையிடம் ஒப்படைத்து உலகச் செல்வத்தைத் துறக்கும் காட்சியும் அவற்றுள் ஒன்று. ஐரோப்பாவின் மிகப் பெரிய வங்கிகளுள் ஒன்றை நடத்திய குடும்பத்தின் சிற்றாலயத்தில் இக்காட்சி இடம்பெற்றிருப்பதை விடைகளில் உதாரணமாகக் காட்டலாம்.

ஜொத்தோவின் கலை ஏன் முக்கியமானது? முந்திய பைசாந்திய பாணி ஓவியங்களில் உருவங்கள் தட்டையாகவும் அசைவற்றும் காணப்பட்டன. ஜொத்தோ மனித உடலுக்குப் பருமனையும் நிறையையும் கொடுத்தார். பிரான்சிஸின் மரணக் காட்சியில் துறவிகள் ஒவ்வொருவரது துக்கமும் வெவ்வேறு விதமாக முகத்திலும் உடலசைவிலும் வெளிப்படுகிறது. பிரான்சிஸ்கன் போதனை கேட்பவரின் உணர்வைத் தொட முனைந்தது. கிறிஸ்துவின் மனிதத் தன்மையை வலியுறுத்தியது. அப்போதனைக்கும் ஜொத்தோவின் ஓவியப் பாணிக்கும் இடையே நெருங்கிய தொடர்பு உண்டு. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின்னர் இளம் மைக்கலாஞ்சலோ பெருற்சி சிற்றாலயத்துக்கு வந்து இவ்வுருவங்களைப் பார்த்து வரைந்து பயின்றார். அவர் வரைந்த படம் ஒன்று பாரிஸ் லூவர் நூதனசாலையில் உள்ளது.

பார்டி, பெருற்சி வங்கிகள் இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வேர்ட்டுக்குப் பெருந்தொகையைக் கடனாக வழங்கியிருந்தன. அக்கடன்கள் திரும்பி வராமையும் வேறு காரணங்களும் சேர்ந்து 1340களில் இரு வங்கிகளும் முறிவடைந்தன. வங்கிகள் மறைந்தன, அவற்றின் பணத்தில் தீட்டப்பட்ட ஓவியங்கள் நிலைத்தன.

7. மடத்தின் ஏனைய பணிகள்

சாந்தா குரோச்சே மடம் வழிபாட்டுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

(அ) கல்வி: சபையின் முக்கிய கல்விநிலையங்களுள் ஒன்று இங்கு இயங்கியது. தாம் இளமையில் துறவிகளின் பாடசாலைகளுக்குச் சென்றதாகக் கவிஞர் டான்டே குறிப்பிட்டுள்ளார். அவற்றுள் சாந்தா குரோச்சேயும் ஒன்று என ஆய்வாளர் கருதுகின்றனர். மடத்தின் நூலகத்தில் இருந்த கையெழுத்துப் பிரதிகளுட் பல இன்று புளோரன்ஸ் நகரின் லோரன்சிய நூலகத்தில் உள்ளன.

(ஆ) போதனை: தேவாலயத்தின் முன்னுள்ள பெரிய சதுக்கம் திறந்தவெளிப் போதனைகளுக்குப் பயன்பட்டது.

(இ) மத விசாரணை: 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து டஸ்கனிப் பிரதேசத்தில் மத விசாரணை மன்றை நடத்தும் பொறுப்பு பிரான்சிஸ்கன் சபையினரிடம் இருந்தது. அம்மன்று சாந்தா குரோச்சேயிலிருந்து செயற்பட்டது. மக்களுக்கு இரக்கத்தைப் போதித்த இடமே மாற்றுக் கருத்தாளரைத் தண்டித்த இடமாகவும் இருந்தது. வரலாற்று மாணவர் இவ்விரண்டையும் மறைக்காது எழுத வேண்டும்.

8. 15ஆம் நூற்றாண்டு: மானிடவாதத்தின் வருகை

15ஆம் நூற்றாண்டில் மறுமலர்ச்சிக் கலை இத்துறவிமடத்தின் உள்ளேயே இடம்பிடித்தது. இதற்கு இரு உதாரணங்கள் போதுமானவை.

முதலாவது, பாற்சி சிற்றாலயம். மடத்தின் முதலாவது முற்றத்தில் அமைந்துள்ள இது பாற்சி என்னும் வங்கிக் குடும்பத்தின் செலவில் எழுந்தது. துறவிகளின் கூட்டமண்டபமாகப் பயன்பட்டது. பிலிப்போ புருனலெஸ்கியின் திட்டப்படி அமைந்ததாகக் கருதப்படும் இக்கட்டடத்தில் வட்டம், சதுரம் ஆகிய எளிய கேத்திரகணித வடிவங்களும் உரோமத் தூண் மரபும் கையாளப்பட்டுள்ளன. 1478இல் பாற்சி குடும்பத்தினர் மெடிச்சி குடும்பத்துக்கு எதிராக மேற்கொண்ட சதி தோல்வியுற்றது. அக்குடும்பத்தின் செல்வாக்கு அழிந்தது. சிற்றாலயத்தின் முகப்பு முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது.

இரண்டாவது, லியனார்டோ புரூனியின் கல்லறை. இவர் புளோரன்ஸ் அரசின் செயலாளராகவும் வரலாற்றாசிரியராகவும் விளங்கிய மானிடவாதி. 1444இல் காலமானார். சிற்பி பேர்னார்டோ ரொசெல்லினோ அமைத்த இவரது கல்லறைச் சிற்பத்தில் புரூனி தலையில் மாலை சூடி, மார்பின் மேல் நூல் ஒன்றை வைத்தவாறு படுத்திருக்கிறார். முன்னர் செல்வமும் புனிதமும் பெற்றுத்தந்த இடத்தை இப்போது கல்வியும் பெற்றுத்தந்தது. ஆயினும் அக்கல்லறை வளைவின் உச்சியில் கன்னிமரியாளும் குழந்தையும் செதுக்கப்பட்டுள்ளனர். மானிடவாதம் சமயத்தை நிராகரித்தது என எழுதுவது தவறு என்பதற்கு இக்கல்லறை தக்க சான்றாகும்.

9. 16ஆம் நூற்றாண்டும் பின்னரும்

புரட்டஸ்தாந்து சீர்திருத்தத்துக்கு மறுமொழியாகக் கத்தோலிக்க திருச்சபை திரெந்து பொதுச்சங்கத்தை (1545 – 1563) கூட்டியது. வழிபாட்டை மக்கள் தெளிவாகக் காண வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. சாந்தா குரோச்சேயில் துறவிகளின் பகுதியையும் மக்களின் பகுதியையும் பிரித்து நின்ற தடுப்புச்சுவர் 1560களில் அகற்றப்பட்டது. கொசிமோ டி மெடிச்சி கோமகனின் விருப்பப்படி இவ்வேலையை நடத்தியவர் ஜோர்ஜியோ வசாரி ஆவார்.

1564இல் உரோமில் காலமான மைக்கலாஞ்சலோவின் உடல் இரகசியமாகப் புளோரன்ஸுக்குக் கொண்டுவரப்பட்டு இங்கு அடக்கம் செய்யப்பட்டது. வசாரி திட்டமிட்ட கல்லறையில் ஓவியம், சிற்பம், கட்டடக்கலை ஆகிய மூன்றையும் குறிக்கும் பெண் உருவங்கள் அமர்ந்துள்ளன.

கலிலியோவின் கதை வேறானது. 1633இல் உரோமில் மத விசாரணை மன்றினால் தண்டிக்கப்பட்ட அவர் 1642இல் காலமானார். அவருக்குச் சிறப்பான கல்லறை எழுப்புவதற்குத் திருச்சபை அதிகாரிகள் உடன்படவில்லை. எனவே தேவாலயத்தின் பிரதான பகுதியில் அன்றி, ஒதுக்கமான சிறிய அறை ஒன்றில் அவரது உடல் வைக்கப்பட்டது. 95 ஆண்டுகளின் பின், 1737இல், உடல் தேவாலயத்தின் பிரதான கூடத்துக்கு மாற்றப்பட்டு மைக்கலாஞ்சலோவின் கல்லறைக்கு எதிரே நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. மத விசாரணை மன்று இயங்கிய மடத்தின் ஆலயத்திலேயே அம்மன்றின் தண்டனைக்குள்ளான அறிஞர் பெருமதிப்புப் பெற்றார்.

1527இல் காலமான மாக்கியவல்லிக்கு 1787இல் இங்கு நினைவுச்சின்னம் அமைக்கப்பட்டது. டான்டேக்கும் 19ஆம் நூற்றாண்டில் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. ஆனால் அது உடலற்ற வெறும் நினைவுச்சின்னமே. புளோரன்ஸிலிருந்து நாடுகடத்தப்பட்ட டான்டே 1321இல் ரவென்னா நகரில் காலமானார். உடலும் அங்கேயே உள்ளது.

10. 19ஆம் நூற்றாண்டு முதல் இன்றுவரை

இத்தாலிய தேசிய இயக்கம் வளர்ச்சியடைந்தபோது, பெரியோர் துயிலும் இத்தேவாலயம் தேசத்தின் பொது நினைவாலயமாகக் கருதப்பட்டது. கவிஞர் உகோ பொஸ்கோலோ 1807இல் வெளியிட்ட கல்லறைகள் பற்றிய கவிதை இவ்வெண்ணத்தைப் பரப்பியது. நூற்றாண்டுகளாக வெறுமையாக நின்ற முகப்புக்கு நிக்கொலோ மதாஸ் என்னும் யூத கட்டடக் கலைஞரின் திட்டப்படி பளிங்குக்கல் பதிக்கப்பட்டது. இவ்வேலை 1863இல் நிறைவுற்றது.

1866இல் புதிய இத்தாலிய இராச்சியம் துறவறச் சபைகளைக் கலைத்து அவற்றின் சொத்துகளை அரசுடைமையாக்கியது. சாந்தா குரோச்சே மடமும் இதற்குட்பட்டது. மடக் கட்டடங்களின் ஒரு பகுதி நூதனசாலையாயிற்று. பிற்காலத்தில் துறவிகள் மீண்டும் வந்து பணியாற்றலாயினர். உடைமை பிறரிடமும் பயன்பாடு துறவிகளிடமும் என்ற நிலை, 1279ஆம் ஆண்டின் ஏற்பாட்டை நினைவூட்டுகிறது.

1966 நவம்பர் 4ஆம் திகதி ஆர்னோ பெருக்கெடுத்தபோது மடப்பகுதியில் வெள்ளம் ஏறத்தாழ 5 மீற்றர் உயரத்துக்கு எழுந்தது. சேறும் எண்ணெயும் கலந்த நீரில் மூழ்கிய பொருட்களுள் 13ஆம் நூற்றாண்டின் ஓவியர் சிமபுவே தீட்டிய பெரிய மரச்சிலுவையும் ஒன்று. அதன் வர்ணப்பூச்சில் பெரும்பகுதி அழிந்தது. பல நாடுகளிலிருந்தும் வந்த இளைஞர் சேற்றிலிருந்து நூல்களையும் கலைப்பொருட்களையும் மீட்டனர். நவீன கலைப்பாதுகாப்பு விஞ்ஞானம் வளர்வதற்கு இவ்வழிவு தூண்டுதலாயிற்று. அவ்வெள்ளத்தில் சிதைந்த வசாரியின் ‘இறுதி இராப்போசனம்’ ஓவியம் சரியாக 50 ஆண்டுகளின் பின், 2016இல், திருத்தப்பட்டு மீண்டும் வைக்கப்பட்டது. புளோரன்ஸின் வரலாற்று மையப்பகுதி 1982இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

முடிவுரை

ஏழைகளிடையே ஏழைகளாக வாழ வந்தோரின் சிறு ஆலயம், வங்கியாளரின் பணத்தால் பெருந் தேவாலயமாயிற்று. அதன் சுவர்களில் புதிய ஓவியக்கலை பிறந்தது. அதன் முற்றத்தில் மறுமலர்ச்சிக் கட்டடக்கலை எழுந்தது. அதன் தரையில் மானிடவாதிகளும் விஞ்ஞானிகளும் அடக்கம் செய்யப்பட்டனர். இவை யாவும் திருச்சபைக்கு வெளியே நிகழவில்லை. அதே வேளை, இவை முரண்பாடின்றியும் நிகழவில்லை. வறுமைக்கும் செல்வத்துக்கும், பணிவுக்கும் அதிகாரத்துக்கும் இடையிலான இழுபறியே இவற்றைத் தோற்றுவித்தது. மறுமலர்ச்சியின் பின்னணியை விளக்கும்போது இந்த இழுபறியை எடுத்துக்காட்டும் விடை, பெயர்ப்பட்டியலை மட்டும் தரும் விடையிலும் சிறந்ததாக அமையும்.

நினைவிற் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1223 – பிரான்சிஸ்கன் சபையின் ஒழுங்குவிதி அங்கீகாரம்
1228 – பிரான்சிஸ் புனிதராகப் பிரகடனம்
1279 – உடைமை, பயன்பாடு பற்றிய பாப்பரசரின் விளக்கம்
1294 – இன்றைய தேவாலயத்தின் ஆரம்பம்
1323 – கிறிஸ்துவின் வறுமை பற்றிய பாப்பரசரின் பிரகடனம்
1443 – தேவாலய அபிஷேகம்
1564 – மைக்கலாஞ்சலோவின் மறைவும் அடக்கமும்
1737 – கலிலியோவின் உடல் இடமாற்றம்
1866 – மடச் சொத்துகள் அரசுடைமையாதல்
1966 – ஆர்னோ பெருவெள்ளம்

மாணவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1. பிரான்சிஸ்கன் துறவிகளை நிலவுடைமை கொண்ட மடவாழ் துறவிகளுடன் சேர்த்து எழுதுதல்.
2. டான்டேயின் உடல் சாந்தா குரோச்சேயில் உள்ளதாக எழுதுதல்.
3. மானிடவாதிகள் அனைவரும் சமயத்தை எதிர்த்தனர் எனக் கூறுதல்.

பயிற்சி வினாக்கள்

1. மடவாழ் துறவிகளுக்கும் யாசகத் துறவிகளுக்கும் இடையிலான வேறுபாடுகள் நான்கு தருக.
2. யாசகச் சபைகள் 13ஆம் நூற்றாண்டில் நகரங்களில் வளர்ச்சியடைந்தமைக்கான காரணங்களை விளக்குக.
3. புளோரன்ஸ் வங்கியாளர் சாந்தா குரோச்சே தேவாலயத்துக்கு ஆதரவளித்தமைக்கான காரணங்களை ஆராய்க.
4. “மறுமலர்ச்சி மத்திய கால நிறுவனங்களின் உள்ளிருந்தே வளர்ந்தது.” சாந்தா குரோச்சேயை ஆதாரமாகக் கொண்டு இக்கூற்றை மதிப்பிடுக.

4ஆம் வினாவுக்கான குறிப்பு: ஜொத்தோவின் ஓவியங்கள், பாற்சி சிற்றாலயம், புரூனியின் கல்லறை ஆகிய மூன்றையும் கூற்றுக்குச் சார்பாகக் காட்டுக. ஆன்மீகவாதிகள் ஒடுக்கப்பட்டமை, மத விசாரணை மன்று, கலிலியோவுக்கு மதிப்பான கல்லறை தாமதிக்கப்பட்டமை என்பவற்றைக் கூற்றின் எல்லையை உணர்த்தும் சான்றுகளாகக் கொள்க. இரு பக்கங்களையும் ஒப்பிட்ட பின்னரே உமது முடிவை எழுதுக.